புத்தகத்தைப் பார்க்காமலே வாசிக்கும் பிள்ளை

கேள்வி: வணக்கம் ரீச்சர். எங்கள் வீடு உப்புவெளியில். மகன் தரம் 2 படிக்கிறான். மகளுக்கு நாலு வயது, முன்பள்ளிக்குப் போகிறாள். நான் விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். அவர் சீனக்குடாவில் ஷிப்ட் வேலை. மகன் தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். ஆனால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் முழிக்கிறான். பாடமாக்கி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறானோ என்று தோன்றுகிறது. புதுப் புத்தகம் கொடுத்தால் எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறான், கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துவிடுகிறது. மாமி ஒவ்வொரு எழுத்தையும் நூறு தரம் எழுத வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ரியூசனுக்கு அனுப்பச் சொல்கிறார். போனில் பார்த்தால் தாய்மார் கலர் கடதாசி வெட்டி ஒட்டி என்னென்னவோ செய்கிறார்கள். எனக்கு அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. நான் ஓ.எல். வரைதான் படித்தேன். மகளும் அண்ணாவைப் பார்த்து இப்போதே எழுத வேண்டும் என்று நிற்கிறாள். எழுத்து அட்டைகள் போட்ட படிப்புப் பெட்டி ஒன்று விற்கிறார்கள், வாங்கவா? வீட்டில் நான் என்னதான் செய்யலாம்?

பதில்: அன்புள்ள தங்கச்சி, பெட்டியை வாங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம். 'அ' போட்ட அட்டையில் அம்மா, 'ஆ' போட்ட அட்டையில் ஆடு என்றுதான் அதற்குள் இருக்கும். உங்கள் மகனுக்கு 'அ' தெரியும். அவனுக்கு இப்போது வேண்டியது வேறு.

அவன் உங்களை ஏமாற்றவும் இல்லை. வகுப்பில் ரீச்சர் ஒரு வரி வாசிக்க, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து திருப்பிச் சொல்கிறார்கள். காது கூர்மையான பிள்ளைக்கு இரண்டு நாளில் பாடம் முழுக்க மனதில் ஏறிவிடும். ஆசிரிய ஆலோசகராக வகுப்புகளில் பின்வாங்கில் இருந்து பார்க்கும்போது இப்படி வாசிக்கும் பிள்ளைகளை அடிக்கடி காண்கிறேன். கண் சன்னலில் இருக்கும், வாய் பாடத்தில் இருக்கும். இதில் நல்லதும் உண்டு. வசனம் எப்படி ஓடும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் ஏறும் என்பதெல்லாம் அவனுக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்: வாயில் வருகிற சொல் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது.

புதுப் புத்தகத்தில் தடுமாறுவதற்கும் எழுத்துத் தெரியாதது காரணம் அல்ல. தமிழில் ஒரு எழுத்தைத் தனியே சொல்லும் ஓசையும், சொல்லுக்குள் அது ஒலிக்கும் ஓசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 'பம்பரம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' அழுத்தமாக வரும், 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப' மெத்தென்று வரும். 'பட்டம்', 'படம்' இரண்டையும் சொல்லுங்கள், அந்த 'ட' ஒன்றாகவா கேட்கிறது? நமக்குப் பழகிப்போனதால் காதில் படுவதில்லை. பிள்ளை ம, க, ன் என்று தனித்தனியாகச் சொன்னால், வருகிற ஓசை நீங்கள் அவனைக் கூப்பிடும் 'மகன்' மாதிரி இருக்காது. அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்பதால் தாவிப் பிடித்துவிடுவான். தெரியாத சொல் என்றால் தாவ முடியாது, எழுத்துகளோடு அப்படியே நின்றுவிடுவான். அதனால்தான் வாசிப்பு வரவில்லை என்று சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, பிள்ளையோடு வீட்டில் எவ்வளவு கதைக்கிறீர்கள் என்று. காதில் நிறையச் சொல் விழுந்திருந்தால் கண்ணுக்குப் பாதி வேலை குறையும்.

அடுத்த தொல்லை நீளம். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லில் பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினால் யாருக்குமே முதல் எழுத்து மறந்துபோகும். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக நிறுத்திச் சொல்ல வைக்காதீர்கள். அதை முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். போய்க், கொண், டிருந், தார்கள். பென்சிலால் மெல்லிய கோடு போட்டு நாலு துண்டாகக் காட்டுங்கள். பன்னிரண்டு நாலாகிவிட்டது. நாலை மனதில் வைத்திருக்க அவனால் முடியும்.

இதைப் பழக்க உங்கள் தெருவே வசதியானது. நிலாவெளி வீதியில் நின்றால் வருகிற பஸ்களின் பலகையில் நிலாவெளி, குச்சவெளி என்று எழுதியிருக்கும். உங்கள் ஊர் உப்புவெளி. மூன்றுக்கும் வால் ஒன்றுதான். 'வெளி' என்பதை ஒரே பார்வையில் பிடிக்கப் பழகிவிட்டால் பிறகு முன்பாதியை மட்டும் பார்த்தால் போதும். பஸ் நிற்குமுன் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று பந்தயம் வையுங்கள். எழுத்து எழுத்தாகக் கூட்ட பஸ் நேரம் தராது.

சரி, வீட்டுக்குள் வருவோம். நாட்காட்டியில் கிழித்த தாள், ஒரு பேனை, ஒரு கத்தரிக்கோல். தாளின் பின்பக்கத்தில், சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'அம்மா சந்தையில் சூடை மீன் வாங்கினார்.' புத்தகத்து வசனத்தை எடுக்காதீர்கள், அதுதான் அவனுக்குப் பாடமாயிற்றே. விரலை வைத்து ஒருமுறை வாசிக்கட்டும். பிறகு கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்துச் சொல் சொல்லாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு சொல் எங்கே முடிகிறது என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும், ஆகவே வெட்டுவதே பாதி வாசிப்பு. ஐந்து துண்டையும் பாயில் கலைத்துப் போட்டுத் திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் நினைவிலிருந்து அடுக்குவான். அடுக்கட்டும். அடுத்த நாள் ஒரே ஒரு துண்டை மட்டும் மாற்றுங்கள். 'சூடை'யை எடுத்துவிட்டு 'கீரி' வையுங்கள். பாடமாக்கியதைச் சொல்லிக்கொண்டு வருபவன் அந்த இடத்தில் நின்று பார்ப்பான். அந்த நிற்றல்தான் நமக்கு வேண்டும். உடனே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்போதும் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். மீன் பெயர்கள் அவனுக்குத் தெரியும், மிச்சத்தை அவனே பிடிப்பான்.

அடுத்தடுத்த நாட்களில் 'மாமி', 'பொரித்தார்', 'சமையலறையில்' என்று புதுத் துண்டுகள் சேரலாம். 'சந்தையில் அம்மா சூடை மீன் வாங்கினார்' என்று மாற்றி அடுக்கினால் பிழை சொல்லாதீர்கள், தமிழில் அது பிழையும் அல்ல. 'மாமி சந்தையில் அம்மா வாங்கினார்' என்று அடுக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானென்றால் விளங்கி வாசிக்கிறான் என்று அர்த்தம். மாமி கோபிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்கள் கைக்குள் வந்தபிறகு அவற்றை எழுத்தாக வெட்டலாம். ஒரு கவனம்: 'கொ' என்பதைக் கொம்பு தனி, 'க' தனி, அரவு தனி என்று வெட்டக்கூடாது. மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து, ஒரே துண்டு. கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, வாயிலோ 'க்' வந்த பிறகுதான் அதன் ஓசை வருகிறது. கெ, கே, கொ, கோ என்ற வரிசையில் பிள்ளைகள் குழம்புவதற்கு இதுதான் காரணம், மக்குத்தனம் அல்ல. இந்த நாலை மட்டும் தனியாக எடுத்து, தெரிந்த சொல்லோடு சேர்த்துப் பழக்குங்கள். கெண்டை, கேணி, கொப்பி, கோயில். துண்டுகளை ஒரு பழைய கடித உறையில் போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு வேலையும் உண்டு, இதைச் சில ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மகன் வாயால் ஒரு வசனம் சொல்லட்டும், அவன் சொன்னபடியே எழுதுங்கள். 'நாங்கள் நேற்று பீச்சுக்குப் போனனாங்கள்.' அதை அவன் தடக்குப்படாமல் வாசிப்பான், அவன் வாயிலிருந்து வந்ததுதானே. அதற்குக் கீழே, 'நாங்கள் நேற்றுக் கடற்கரைக்குப் போனோம்' என்று எழுதுங்கள். மேலே இருப்பது நாங்கள் கதைக்கிற மாதிரி, கீழே இருப்பது புத்தகம் கதைக்கிற மாதிரி என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். பேச்சுத் தமிழை எழுதிக் காட்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் யாருமே 'போனோம்', 'வருகிறேன்' என்று கதைப்பதில்லை. திடீரென்று ஒரு நாள் புத்தகம் அப்படிக் கதைக்கிறது, ஏன் என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு வரி அதைச் சொல்லிவிடுகிறது. பரீட்சையில் எதை எழுதுவது என்ற குழப்பமும் இதனால் குறையுமே தவிரக் கூடாது.

நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிகிற ஒருவரிடம் பின்னேரம் கலர் கடதாசி வெட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது. புது வேலை ஒன்றும் வேண்டாம். இருக்கிற வேலைக்குள் எழுத்தை நுழைப்போம்.

எந்தக் கடைக்கு எத்தனை என்பதை இப்போது தலைக்குள்தான் வைத்திருப்பீர்கள். இன்று இரவு முதல் அந்தக் கணக்கை மகனிடம் கொடுங்கள். படுக்கப் போகுமுன் நீங்கள் சொல்ல அவன் எழுத வேண்டும். சந்திக் கடை 40, கன்ரீன் 60, ரீக்கடை மாமா 25, இப்படி. எழுத்துப் பிழை வரும், விடுங்கள். காலையில் உங்களுக்கு விளங்கினால் போதும். விளங்காவிட்டால், 'இது என்ன ராசா, எனக்கு வாசிக்க முடியவில்லையே' என்று கேளுங்கள். நீங்கள் உண்மையாகவே கேட்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியும். பிழையாக எழுதினால் ரீக்கடை இடியப்பம் சந்திக் கடைக்குப் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை கவனமாக எழுதும். சிவப்புப் பேனைச் சுழிக்கு அந்த வலு கிடையாது. கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டினால் எத்தனை பார்சல், மிச்சம் எத்தனை? மேலே சொன்ன மூன்று கடைக்கும் பன்னிரண்டு பார்சலும் ஐந்து இடியப்பமும். 125 என்ற எண்ணில் 12 ஏன் முன்னால் வந்தது, 5 ஏன் பின்னால் வந்தது என்று அந்தப் பார்சல்களை வைத்தே காட்டிவிடலாம். கொப்பியில் பத்து, ஒன்று என்று கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது தலையாட்டிவிட்டு, மறுநாள் மறந்துவிடுகிற பாடம் இது. பெயர்த் துண்டுகளை அந்தந்தப் பையில் செருகும் வேலையைத் தங்கைக்குக் கொடுக்கலாம். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் 'நீளமான பெயர் எது, கட்டையான பெயர் எது' என்று பார்த்தே கண்டுபிடிப்பாள்.

அவருடைய ஷிப்டையும் விடாதீர்கள். நாட்காட்டியில் எந்த நாள் காலை வேலை, எந்த நாள் இரவு வேலை என்று மகன் எழுதி வைக்கட்டும். இரவு வேலை முடிந்து வந்து பகலில் அப்பா தூங்கும் நாளில், 'அப்பா நித்திரை. சத்தம் போடக்கூடாது' என்று எழுதி அறைக் கதவில் ஒட்டும் பொறுப்பும் அவனுடையது. தங்கைக்கு அதை எத்தனை தரம் வாசித்துக் காட்டுகிறான் என்று பாருங்கள். அவரிடமும் ஒரு வேலை கேட்கலாம். வீட்டிலிருக்கும் ஒரு சின்னக் கதைப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். இடைவேளையில் அதை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால், இரவில் பிள்ளை புத்தகத்தை விரித்து, அப்பாவின் குரலோடு விரலை ஓட்டிக்கொண்டு கேட்கலாம். அப்பா வாசிப்பதைக் கேட்காமலே வளரும் ஆண்பிள்ளைகள் நிறையப் பேர். போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் பிள்ளைக்கு அதில் இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது.

மாமியின் நூறு தரத்துக்கு வருகிறேன். 'கை' என்று நூறு தரம் எழுதச் சொன்ன பிள்ளையின் கொப்பியைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பாருங்கள். முதல் ஐந்தாறு ஒழுங்காக வரும். பிறகு பிள்ளை ஒரு தந்திரம் செய்யும். பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக 'ை' மட்டும் போட்டு முடித்துவிட்டு, இரண்டாம் சுற்றில் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'க' போட்டுக்கொண்டு போகும். கெதியாக முடியும், ஆனால் 'கை' என்ற எழுத்தை அது ஒரு தரமும் எழுதவில்லை. ஐந்து தரம் போதும், அதுவும் சொல்லிச் சொல்லி. மாமியை இதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நேரமும் பொறுமையும் உள்ள ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். எழுத்து வேலையை எடுத்துக்கொண்டு கதை வேலையை அவரிடம் கொடுங்கள். அவர் சின்னவராக இருந்த காலத்தில் திருகோணமலை எப்படி இருந்தது, கச்சான் காற்றுக் காலத்தில் என்ன செய்தார்கள், வாடை மழைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அவர் பழைய எழுத்தில் 'லை', 'னை' எழுதுகிறவர் என்றால் அந்தத் தும்பிக்கை எழுத்தையும் மகனுக்குக் காட்டச் சொல்லுங்கள். இரகசிய எழுத்து என்று சொல்லி அவனே எழுதிப் பார்ப்பான்.

ஓ.எல். படித்தது தாராளமாகப் போதும். இரவில் பத்து நிமிடம் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கதையை வாசியுங்கள். நீங்கள்தான் வாசிக்க வேண்டும், அவனை வாசிக்க வைக்கக்கூடாது. அந்தப் பத்து நிமிடம் சோதனை இல்லை, கேள்வி இல்லை. அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசியுங்கள். விரலைச் சொல்லுக்குக் கீழே ஓட்டிக்கொண்டு போங்கள். இடையில் ஏதாவது ஒரு சொல்லில் வேண்டுமென்றே நிறுத்துங்கள், பார்த்துக்கொண்டிருப்பவன் தானாக எடுத்துச் சொல்வான்.

புத்தகத்துக்குக் காசு தேவையில்லை. நகரப் பொது நூலகத்தில் சிறுவர் புத்தகங்கள் இருக்கும். பாடசாலை நூலகப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அப்போது பாடசாலைகளும் நூலகங்களும் தாமாகவே கதவைத் திறந்து வைத்திருக்கும், பயன்படுத்திக்கொள்ளுங்கள். போனில் என்றால் நூலகம் இணையத்தளத்தில் நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களும் பழைய சிறுவர் சஞ்சிகைகளும் இலவசம். ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் படக்கதைகள் தமிழில் நிறைய உண்டு, படிநிலை பிரித்துப் போட்டிருப்பார்கள். முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வசனம்தான். அவை பெரும்பாலும் இந்தியாவில் எழுதியவை. எலுமிச்சை, வேர்க்கடலை என்று வந்தால் நம் தேசிக்காயும் கச்சானும்தான் என்று சொல்லிவிட்டு வாசியுங்கள்.

ஓய்வு நாளில் பிள்ளைகளோடு எங்கே போனாலும் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள். கன்னியாவுக்குப் போகிறீர்கள் என்று வைப்போம். ஏழு வெந்நீர்க் கிணறு, ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. போகுமுன்பே மகன் 1 முதல் 7 வரை எண் போட்டு வைக்கட்டும். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் முதலில் நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு அவனுக்கு ஊற்றுங்கள். 'இளஞ்சூடு', 'சூடு', 'நல்ல சூடு' என்று அவன் எழுத வேண்டும். நீங்கள் சொல்வதும் அவன் சொல்வதும் ஒத்துவராது, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஈரக் கையால் எழுதித் தாள் ஊறிப்போகும், பரவாயில்லை. திரும்பி வரும்போது, இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் நிலத்தில் குத்தத் தண்ணீர் வந்தது என்ற கதையைச் சொல்லுங்கள். அன்றிரவு கன்னியாவைப் பற்றி இரண்டு வசனம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவது என்று பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கமாட்டான். கோணேசர் கோயிலுக்குப் போனால் கோட்டைக்குள் மான்கள் நிற்கும். எதற்குக் கொம்பு இருக்கிறது, எதற்கு இல்லை, ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஆண் மானுக்குத்தான் கொம்பு, அதுவும் விழுந்து திரும்ப முளைக்கும் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

இனி மகள். நாலு வயதுப் பிள்ளைக்கு இரட்டைக்கோட்டுக் கொப்பி வேண்டாம். ஏடு தொடக்கியாச்சு, இனி எழுதத்தானே வேண்டும் என்று சிலர் அவசரப்படுவார்கள். ஏடு தொடக்கும்போது பென்சிலையா கொடுக்கிறோம்? விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவிக்கிறோம். அந்த வயதுக்கு அதுதான் சரி. சுளகில் அரிசியைப் பரப்பிக் கொடுங்கள், கடற்கரைக்குப் போனால் ஈரமணல் இருக்கிறது. அவள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக விரலால் எழுதட்டும், அழிக்கட்டும், திரும்ப எழுதட்டும். பென்சில் பிடிக்க விரலில் வலு வேண்டும். நீங்கள் இடியப்பத்துக்கு மா குழைக்கும்போது ஒரு உருண்டையை அவளுக்குக் கொடுங்கள். கிள்ளுவதும் உருட்டுவதும் திரிப்பதும் அந்த வலுவைத் தரும். சூடான மாவைக் கொடுத்துவிடாதீர்கள், ஆறட்டும்.

அவளுக்கு இப்போது எழுத்தைவிட ஓசைதான் முக்கியம். 'மா'வில் தொடங்கும் சாமான் சமையலறையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மா, மாங்காய், மாசி. பிறகு விடுகதை. ஊர் விடுகதைகள் முடிந்துவிட்டால் நீங்களே கட்டலாம். 'ஓட்டைக்குள்ளால் விழுவான், தட்டில் சுருளுவான், ஆவியில் குளிப்பான், அவன் யார்?' உங்கள் வீட்டில் இதற்கு விடை சொல்லாத பிள்ளை இருக்காது. அடுத்ததை அவளே கட்டுவாள், அர்த்தமில்லாமல்தான் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணவும் வகை பிரிக்கவும் புளியங்கொட்டை, சிப்பி, மஞ்சாடி விதை எல்லாம் நல்லது, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வாயில் போடும் வயதில் கைக்குழந்தை வீட்டுக்கு வந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. கறுப்புப் பொட்டு வைத்த சிவப்புக் குன்றிமணியை மட்டும் வீட்டுக்குள் எடுக்கவே கூடாது, கடித்து விழுங்கினால் கொடிய நஞ்சு. சிப்பி பொறுக்கும்போது வெறும் ஓடுகளைத்தான் எடுக்க வேண்டும். கூம்பு வடிவச் சங்கில் உயிர் இருந்தால் கொட்டும். புறாத்தீவுக்குப் போனால் அங்கிருந்து ஒரு சிப்பியும் முருகைக்கல்லும் கொண்டுவரக்கூடாது, அது தேசிய பூங்கா. மகனுக்கு அங்கே வைத்திருக்கும் அறிவித்தல் பலகையைக் காட்டினால் அதையும் வாசித்த மாதிரி ஆகும்.

ரியூசன் இப்போது தேவையில்லை. தரம் 2 பிள்ளைக்கு அங்கேயும் அதே பாடத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள், மனப்பாடம் இன்னும் இறுகும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அதற்குள் வாசிப்பு வந்துவிட்டால் மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்.

ஆனால் கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறானா, வரி மாறி வாசிக்கிறானா, கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறானா, பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று கவனியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1க்குப் பிறகு தரம் 4இல்தான் வரும், அதுவரை காத்திருக்க வேண்டாம். கண்ணும் காதும் நன்றாக இருந்து, மேலே சொன்னதையெல்லாம் ஒரு தவணை செய்தும், நேற்று வாசித்த அதே சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பது போல விழித்தால், பிள்ளைகள் மருத்துவரிடம் காட்டி வாசிப்பில் இடர்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கெட்டித்தனமான பிள்ளைகளுக்கும் அது இருக்கும். நேரத்தோடு தெரிந்தால் கற்பிக்கும் முறையை அதற்கேற்ப மாற்றலாம்.

அதற்கு முன் வகுப்பு ரீச்சரைப் போய்ப் பாருங்கள். 'என் பிள்ளை படிக்கிறான் இல்லை' என்று தொடங்கினால் அவர் 'வீட்டில் கவனியுங்கள்' என்பார், கதை அதோடு முடியும். அந்தக் கடித உறையைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தச் சொற்களைப் பார்த்தவுடன் வாசிக்கிறான், எவற்றில் நிற்கிறான் என்று இரண்டாகப் பிரித்து அவர் மேசையில் வைத்துவிட்டு, 'இவற்றில்தான் நிற்கிறான், வகுப்பில் எப்படி?' என்று கேளுங்கள். பாடத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லாமல், கிழமையில் ஒரு நாளாவது அவனைத் தனியாக இரண்டு வரி வாசிக்க வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் சிரிக்காத இடத்தில், இடைவேளையில், அவர் மேசைக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது.